அலறியின் சீட்டு

நாள் 203 / 07:10 / கேட்பகம்

சமிக்ஞை சரி. வெளி வெப்பநிலை மைனஸ் 191. காற்று வடிகட்டி சரி.

இதற்கு மேல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கம் இணைப்புச் சோதனைக்கானது. "சமிக்ஞை சரி" என்று இரண்டு சொல் போதும். மிச்சத்தை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆனால் பூமியில் இந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை என்று கண்டுகொண்டேன். போன மாதம் சோதனைக்காக "சமிக்ஞை கத்தரிக்காய்" என்று அனுப்பினேன். "பெறப்பட்டது, நன்றி" என்று பதில் வந்தது. யாரும் படிக்காத இடம் என்றால் எனக்குக் கூச்சம் குறையும்.

ஒருவேளை யாராவது படித்தால்: நான் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில். பனி அதிர்வு ஆய்வாளர். இது சனிக் கோளின் நிலாக்களில் ஒன்றான என்சலடஸ். மேலே பனி, கீழே கடல். தென்முனைப் பனியில் நீள நீளமாக வெடிப்புகள். சனி இழுக்கும்போது அவை திறக்கும், விடும்போது மூடும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான். அந்த மூச்சைக் காது வைத்துக் கேட்பது என் வேலை. முகாமின் துளைப்பான் சத்தம் கருவியில் விழக்கூடாது என்பதால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கெட்டியான பனியில், இந்தக் கேட்பகத்தில் தனியாக என்னை வைத்திருக்கிறார்கள்.

முகாமில் மூவர். தலைவர் ரகுநந்தன், மருத்துவர் லலிதாங்கி, கலமோட்டி பூபாலராயன். எங்களைப் பூமிக்குக் கொண்டுபோகும் தாய்க்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஏறிப் போகும் ஏறுகலம் முகாமின் பக்கத்தில் நிற்கிறது.

ரகுநந்தன் மூன்று தலைமுறை என்ஜினியர் குடும்பம். அவரே சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும். புறப்படுவதற்கு முன் நிருபர்களிடம் என்னை "நம்ம டீமோட முதல் பட்டதாரி" என்று அறிமுகப்படுத்தினார். அப்படியானால் மற்றவர்கள் பட்டம் வாங்காதவர்களா என்று ஒரு நிருபர் குழம்பிப்போனார். கட்டணச் சலுகைக்காக வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் என் கோப்பில் இருந்தது. கோப்பில் என் ஆய்வேடும் இருந்தது. அவர் சான்றிதழைப் படித்திருக்கிறார்.

நாள் 204 / 19:40

வேலை முடிந்ததும் சீட்டு. போக்கர். எல்லாம் வானொலியில்தான். என் கணினிக்கு இரவில் வேலை குறைவு என்பதால் சீட்டுப் போடும் நிரல் என் கேட்பகத்தில் ஓடுகிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விழும். கை நன்றாக இருந்தால் பந்தயத்தை ஏற்றலாம், அடுத்தவர் ஏற்றியதற்குச் சமமாகக் கட்டி ஈடு கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் கீழே போடலாம். கடைசியில் ஷோ, மறைத்த சீட்டைத் திறந்து காட்டுவது. ஐந்து சீட்டில் நல்ல கை வைத்திருப்பவர் ஜெயித்தார்.

காசுக்கு ஆடுவதில்லை. மின் அலகுக்கு ஆடுகிறோம். முகாமில் மின்சாரம் எப்போதும் பற்றாது. யாருக்கு எவ்வளவு என்று முதல் வாரம் தினமும் சண்டை. ரகுநந்தன்தான் வழி சொன்னார்: "சீட்டு சொன்னா சரி. அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது." அது முதல் துளைப்பான் எத்தனை மணி ஓடும், வெந்நீர் யாருக்கு, ஊர்தி யாருக்கு, எல்லாம் சீட்டு. தலைமையகம் சூதாட்டத்தைத் தடை செய்திருக்கிறது. அதனால் பதிவேட்டில் இதற்கு "தினசரி இணைப்புச் சோதனை" என்று பெயர் போட்டவரும் அவரே.

அதில் ஒன்றை அவர் மறந்துவிட்டார். அறிக்கைகள் அவர் கையெழுத்தில்லாமல் பூமிக்குப் போகாது. இணைப்புச் சோதனை மட்டும் யார் கையையும் தொடாமல், குரலும் எழுத்தும் சேர்ந்து, தானாகப் போகும். ஏழு மாதமாக அவர் சூதாடிய சத்தம் எல்லாம் பூமியில் பத்திரமாக இருக்கிறது. நான் சொல்லவில்லை. என்னிடம் கேட்கவில்லை.

நாள் 206 / 20:15

இன்று முப்பது அலகு வென்றேன். எப்படி என்று எழுதிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ஆரம்பத்தில் சீக்கிரம் தோற்றுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று, வந்த சீட்டைப் பார்க்காமலே ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் பயந்து கீழே போட்டார்கள். குப்பையை வைத்துக்கொண்டு ஜெயித்தேன். பிறகு ஒருநாள் பிடிபட்டேன். ஏழும் இரண்டும் கையில், மேசையில் ஒன்றும் சேரவில்லை, ஷோவில் எல்லாம் தெரிந்துவிட்டது. சிரித்துத் தீர்த்தார்கள். அன்று ரகுநந்தன் எனக்கு வைத்த பெயர் "அலறி". சும்மா இருக்கும்போதும் அலறுகிறவள்.

எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையில் ஒரு தரகர் உண்டு. எந்த ஆட்டுக்கும் தொண்டை கிழியக் கத்துவார். கத்துகிறவன் ஆடு சொத்தை என்பது சந்தையின் முடிவு. அவர் நல்ல கிடாயோடு வரும் நாளிலும் அதே கத்தல்தான். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, துண்டுக்குள் விரலைப் பிடித்து மரியாதையாக விலை பேசியிருந்தால் எல்லோரும் உஷாராகியிருப்பார்கள். அவர் தாழ்த்தவில்லை, கிடாய் சொத்தை என்று பந்தயம் கட்டியவர்கள்தான் தோற்றார்கள்.

நானும் தாழ்த்துவதில்லை. நல்ல கை வந்தால் பதுங்கக்கூடாது. குப்பைக்கு எவ்வளவு ஏற்றினேனோ அவ்வளவு, அதே வேகத்தில். பதுங்குவது யோக்கியர்களுக்கு உள்ள வழி. புளுகுணி என்று பெயர் எடுத்தவளை யாரும் கீழே போட்டுவிட்டுப் போகமாட்டார்கள், ஈடு கொடுத்துக் கொடுத்துக் கடைசி வரை வருவார்கள். ஒரே விதிதான்: பெயர் கிடைத்த பிறகு உண்மையில் புளுகுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஷோ கேட்கும் மேசையில் புளுகுகிறவள் முட்டாள்.

என் குரல் நடுங்கும். நல்ல கைக்கும் நடுங்கும், குப்பைக்கும் நடுங்கும். கல்லூரி வருகைப் பதிவில் "உள்ளேன்" என்று சொல்லவே நடுங்கிய குரல். அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவர்களை நான் கண்டுபிடிப்பேன், பனிக்கு அடியில் முடி அகலம் விரிவதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். நல்ல கை என்றால் ரகுநந்தன் மூக்கால் ஏதோ ராகம் இழுப்பார். புளுகினால் செருமுவார். பதற்றம் என்றால் லலிதாங்கிக்கு வளையல் நிற்காது. பூபாலராயன் அண்ணன் பாக்கு மெல்லுவதை நிறுத்துவார். அவர் ஒருவர்தான் என் ஏற்றத்துக்குச் சில நாள் கீழே போடுகிறார். மற்ற இருவரும் சீட்டைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறார்கள், அதுவும் பார்க்காமலே.

நாள் 209 / 11:30

மேற்கு வெடிப்பு இந்தச் சுற்றில் மூடவில்லை.

கருவிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். சனி விட்ட பிறகு ஒரு தட்டல் கேட்க வேண்டும், கதவு சாத்துவது போல. கேட்கவில்லை. திறந்தபடி கிழக்கே நீளுகிறது. கிழக்கே முகாம் இருக்கிறது.

நாள் 210 / 08:05

எச்சரிக்கை அனுப்பினேன். பதில், கேட்டபடி:

ரகுநந்தன்: "ஆவுடை, இது நாலாவது தடவைம்மா. ஒவ்வொரு தடவையும் வானம் இடிஞ்சு விழுதுங்கற. போன தடவை உன் பேச்சைக் கேட்டு டிரில்லை நிறுத்தினேன், ஒரு ஷிப்ட் போச்சு. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

நான்: "சார், போன மூணும் சின்னது. சின்னதுன்னு நானே எழுதியிருந்தேன். இது மூடவே இல்ல சார்."

லலிதாங்கி: "தனியா இருந்து இருந்து அவளுக்குக் காதுல ரீங்காரம் சார். ஆவுடைம்மா, நைட் ஒரு மாத்திரை போட்டுக்கோடா. நான் டோஸ் சொல்றேன்."

பூபாலராயன்: "ஏ தாயி, நெசமாத்தான் சொல்லுதியா? சீட்டுல ஏத்துத மாதிரி இல்லயே?"

நான்: "நெசந்தாண்ணே."

ரகுநந்தன்: "பாரு, குரலே நடுங்குது. அலறி, போய்த் தூங்கு. சாயங்காலம் ஆட்டத்துக்கு வா."

அலை வரைபடத்தை அனுப்பியிருந்தேன். யாரும் திறக்கவில்லை. திறந்தால் இங்கே விளக்கு எரியும். எரியவில்லை.

மருத்துவர் சொன்ன மாத்திரை மலச்சிக்கலுக்கானது. பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். எல்லாவற்றிலும் இவர்கள் கவனம் இந்த அளவுதான்.

நாள் 211 / 20:50

சீட்டு சொன்னால் சரி என்பது இங்கே சட்டம். வரைபடம் சொன்னால் கேட்கமாட்டார்கள். சரி.

ஆட்டம் தொடங்கியதும் இரண்டு கையில் வீம்புக்கு ஏற்றி, வேண்டுமென்றே தோற்றேன். மூன்றாவதில் இரண்டு ஒன்பது வந்தது. மேசையில் முதல் மூன்று சீட்டு: ஒன்பது, நான்கு, நான்கு. மூன்று ஒன்பது, இரண்டு நான்கு. ஃபுல் ஹவுஸ். மாதத்தில் ஒருமுறை வந்தால் பெரிது. பதுங்கவில்லை. உடனே எல்லாவற்றையும் ஏற்றினேன்.

பந்தயப் பொருளை எழுத நிரலில் ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: "ஜெயித்தால் நாளைக்கே ஏறுகலம் கேட்பகத்துக்கு நகர வேண்டும், மூவரும் அதில் வர வேண்டும். தோற்றால் இனி எச்சரிக்கை அனுப்பமாட்டேன்."

லலிதாங்கி: "அய்யோ, இது என்ன டிராமா! நான் டிராப்."

பூபாலராயன்: "நானும் போட்டுட்டேன். சார், பிள்ள கையில என்னமோ இருக்கு."

ரகுநந்தன்: "என்ன இருக்கு? வாய் இருக்கு. ஏழு மாசமா பார்க்கறேன். டீல், ஆவுடை. இனிமே அந்த அலாரம் தொல்லை இருக்காது பாரு."

நான்காவது சீட்டு ராஜா விழுந்ததும் அவர் மூக்கால் ராகம் இழுத்தார். ஐந்தாவது இரண்டு. ஷோ. அவரிடம் இரண்டு ராஜா, இரண்டு நான்கு. என்னிடம் வீடு நிறைய.

பாக்கு மெல்லும் சத்தம் மட்டும் மறுபடி தொடங்கியது.

நாள் 212 / 09:20

ரகுநந்தன்: "ஆவுடை, நேத்து நல்லா ஆடின. ஆனா கேம் வேற, மிஷன் வேற. கலத்தை நகர்த்தறதெல்லாம் சீட்டுல முடிவு பண்ற விஷயமா? நீ படிச்ச பொண்ணுதானே."

பூபாலராயன்: "சார், எங்க ஊர்ல சீட்டுல தோத்தவன் வேட்டிய உருவிக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பான். அரை மணி நேர வேலை சார். நான் நகத்திட்டு வாரேன்."

ரகுநந்தன்: "பூபாலா, உன் ஊர் வேட்டியெல்லாம் இங்க வேண்டாம்."

துளைப்பானின் மின்சாரம் அவர் பக்கம் போனபோது சீட்டு சட்டமாக இருந்தது. எனக்கு வந்தபோது கேம். மூன்று தலைமுறையாகப் படித்து இதைத்தான் கற்றிருக்கிறார்கள்.

வெடிப்பு மறுபடி மூடவில்லை. முகாமுக்கு ஆறு கிலோமீட்டர்.

நாள் 213 / 14:25

வந்துவிட்டது.

நான் கேட்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலில் கருவியில் ஒரு நீண்ட கிழிசல், புதுத் துணியை இரண்டு பேர் பிடித்து இழுப்பது போல. பிறகு தரை எழுந்தது. மேலே உள்ள கோபுரம் ஒடிந்து விழுந்தது. குரல் அனுப்பும் கருவி அதோடு போனது. கேட்கும் கம்பி பனிக்கு அடியில் ஓடுவதால் அது பிழைத்தது. அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பூபாலராயன்: "ஆவுடை! தாயி, கேக்குதா? முகாம் நடுவுல பொளந்துட்டு. நாங்க மூணு பேரும் கலத்துக்குள்ள வந்துட்டோம். உன்னத் தூக்க வாரேன், விண்வெளிச் சட்டையப் போட்டுட்டு வெளிய நில்லு."

ரகுநந்தன்: "நேரா மேல போ."

பூபாலராயன்: "சார், அவ அங்க இருக்கா. ஒரு தாவு தாவினா கால் மணி நேரம்."

ரகுநந்தன்: "அங்கேருந்து சிக்னல் இல்ல. கேட்பகம் போயாச்சு. இது ஆர்டர், மேல போ."

லலிதாங்கி: "போயிடலாம் பூபாலன், ப்ளீஸ். போயிடலாம்."

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். கலம் ஒரு புள்ளியாக ஏறியது. இந்த நிலாவில் ஈர்ப்பு சொற்பம். நாற்பது கிலோமீட்டர் தாவ, வீட்டில் ஒரு வேளை காப்பி போடும் எரிபொருள் போதும்.

கையை ஆட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

நாள் 214 / 10:00

அணு மின்கலம் ஓடுகிறது. பனியிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து காற்று. உணவு கொஞ்ச காலத்துக்கு உண்டு. அறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, தேநீர் கோப்பையில் கோணலாக நிற்கிறது. கிளை வெடிப்பு ஒன்று என் பக்கம் திரும்பியிருக்கிறது. மெதுவாக வருகிறது.

தாய்க்கலம் தலைக்கு மேல் வந்தபோது ரகுநந்தன் பூமிக்கு அனுப்பிய அறிக்கை என் கருவியில் விழுந்தது:

"கேட்பகம் முற்றிலும் அழிந்தது. ஆய்வாளர் ஆவுடைச்செல்வி உயிரிழந்ததை உறுதி செய்தோம். வெடிப்பின் போக்கை முன்கூட்டியே உணர்ந்து மற்ற மூவரையும் காப்பாற்ற முடிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரியான அவரது தியாகம் என்றும் நினைவில் நிற்கும்."

அதைச் செத்த பிறகும் விடவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது சாமியானா போட்டிருப்பார்கள். அம்மா தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பாள். தாய்க்கலம் இன்னும் ஐந்து நாளில் பூமிக்குப் புறப்படுகிறது. அடுத்த கலம் வர நாலு வருடம்.

நாள் 215 / 13:15

என்னிடம் குரல் இல்லை. மெல்லிய தரவு இணைப்பு ஒன்று மிச்சம். அதில் இரண்டுதான் போகும்: இந்தப் பக்கமும் சீட்டு நிரலும். தாய்க்கலம் மேலே வந்தால் நிரல் தானாக அதைத் தேடிச் சேரும், அப்போது அங்கே பேசும் குரலும் எனக்குக் கேட்கும். இன்று ஒரு சீட்டுப் போட்டேன்.

பூபாலராயன்: "சார்... இங்க வந்து பாருங்க. சீட்டு வந்திருக்கு."

ரகுநந்தன்: "ஆட்டோமேட்டிக்கா போடுது. மூடு அதை."

அவர் மூடவில்லை. பத்து அலகு கட்டினார். நான் ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு நூறு ஏற்றினேன். அவர் ஈடு கொடுத்து ஷோ கேட்டார்.

பூபாலராயன்: "எந்த நிரல் சார் ஏழு ரெண்ட வச்சு ஏத்தும்? இது அவதான். அவ இருக்கா சார்!"

ரகுநந்தன்: "ஏழு மாசம் அவளோட ஆடின புரோகிராம். அவ ஸ்டைலைக் கத்துக்கிட்டிருக்கு. பேய் பிசாசுன்னு கிளப்பாத. ரிப்போர்ட் போயாச்சு."

லலிதாங்கியின் வளையல் சத்தம் கேட்டது.

பந்தயக் கட்டத்தில் "உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதினேன். ரகுநந்தன் சிரித்தார். "பாரு, இதுகூட அவ மாதிரியே அலறுது."

அவருக்குத் தெரியும். அவர் செருமியதைக் கேட்டேன்.

நாள் 216 / 16:40

யோசித்தேன். உண்மையைச் சொல்லி இந்த ஆளிடம் ஒன்றும் நடக்காது. நான் உயிரோடு இருப்பது அவருக்கு நட்டம். அவருக்கு லாபமாக ஒன்றைக் காட்ட வேண்டும், அதுவும் என்னைப் புளுகுணி என்று அவர் நினைக்கும்போதே.

தாய்க்கலம் மேலே வந்தது. சீட்டுப் போட்டேன். முதல் நான்கு கையில் குப்பைதான் வந்தது. எல்லாவற்றுக்கும் அலறினேன், எல்லாவற்றிலும் பூபாலராயன் அண்ணனிடம் பிடிபட்டேன். ரகுநந்தன் பின்னால் நின்று பார்த்தார். மூச்சு கேட்டது.

ஐந்தாவதில் ஆஸும் எட்டும். இரண்டும் ஆர்ட்டின். மேசையில் ராஜா, ஒன்பது, நான்கு. மூன்றும் ஆர்ட்டின். பிறகு இஸ்பேட் இரண்டு விழுந்தது. ஐந்து சீட்டும் ஒரே ஜாதி, தலையில் ஆஸ். ஏழு மாதத்தில் எனக்கு வந்ததில் இதுதான் பெரிய கை. மேசையில் ஜோடி விழாதவரை இதை வெல்ல வேறு கை கிடையாது.

ஒரு நொடி, மெல்ல ஏற்றலாமா என்று தோன்றியது. கூடாது. குப்பைக்கு எவ்வளவோ அவ்வளவு, அதே வேகத்தில். எல்லாவற்றையும் ஏற்றி, கட்டத்தில் எழுதினேன்:

"தலைவருக்கு மட்டும். தோற்றால்: என்னை அழைத்தீர்கள், நானே வர மறுத்தேன் என்று எழுதி என் அடையாளக் குறி போட்டுத் தருகிறேன். பிறகு பேசமாட்டேன். வென்றால்: கலம் இறங்க வேண்டும்."

மேலே நாற்காலி நகரும் சத்தம்.

ரகுநந்தன்: "எழுந்திரு பூபாலா. நான் ஆடறேன்."

இது வெறும் நிரல் என்றால் எழுதி வாங்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்தார்.

ரகுநந்தன்: "இதோ பாரு ஆவுடை. உன்னை எனக்குத் தெரியும். நாலு கை குப்பையை வெச்சுட்டு அலறின, இதுவும் அதேதான். என்கிட்ட மூணு ராஜா இருக்கு. சொல்லிட்டே ஆடறேன். ஈடு. எழுதித் தர்றதைத் தெளிவா எழுது, தேதி போட்டு."

கடைசிச் சீட்டு: கிளாவர் ஜாக்கி. ஜோடி விழவில்லை. ஷோ.

என் ஐந்து ஆர்ட்டினைத் திறந்தேன்.

அதற்கு ரகுநந்தன் சொன்னது, நான் எதிர்பார்த்த அதே சொல்: "சரி விடு. கேம்தானே."

கேம்தான் சார். நீங்கள் கலத்தை இறக்குவீர்கள் என்று நான் பந்தயம் கட்டவில்லை. போன முறையே உங்கள் வேட்டி எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது நீங்கள் ஈடு கொடுப்பது மட்டும். செத்துப்போனதாகக் கையெழுத்துப் போட்டவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளிடம் பொய் வாக்குமூலம் பேரம் பேசி, உங்கள் வாயாலேயே. ஆட்டத்துக்கு நீங்கள் வைத்த பெயர் இணைப்புச் சோதனை. அது யாரையும் கேட்காமல் பூமிக்குப் போகிறது.

அடிவானத்தில் மறையும் முன் கடைசியாக வந்தது:

பூபாலராயன்: "சார், பேரச் சொல்லிட்டீங்க."

ரகுநந்தன்: "ரேடியோவை ஆஃப் பண்ணு."

பூபாலராயன்: "பேரச் சொல்லிட்டீங்க சார். நானும் கேட்டேன். டாக்டரம்மாவும் கேட்டாங்க. என்ன டாக்டரம்மா, வளையல மட்டும் உருட்டிக்கிட்டு இருந்தா—"

நாள் 217 / 18:00

தாய்க்கலம் மூன்று முறை மேலே போனது. குரல் வரவில்லை. அணைத்துவிட்டார்கள். இணைப்புச் சோதனையை அணைத்தால் கலம் முழுக்க மணி அடிக்கும், அதைத் தொடமாட்டார்கள். இது போய்க்கொண்டிருக்கிறது.

வெப்பமூட்டி ஒன்று நின்றுவிட்டது. விரல் சரியாக மடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கிளை வெடிப்பு கதவுக்கு வெளியே தெரிகிறது. சனி விட்டபோது அதுவும் மூடவில்லை.

அம்மாவுக்கு ஒன்று எழுதி அழித்தேன்.

நாள் 218 / கடிகாரம் நின்றுவிட்டது

அறை இன்னும் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பூமியில் இதைத் திறக்கிறவர் யாரோ. "பெறப்பட்டது, நன்றி" அனுப்புகிறவராக இருக்கலாம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு மாதம் நீங்கள் படிக்காமல் இருந்ததற்கு நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

என் கோப்பை எடுத்துப் பார்ப்பீர்கள். "மிகைப்படுத்துவார். தேவையின்றி எச்சரிப்பார். தனிமையால் மனநிலை பாதிப்பு இருக்கலாம்." கீழே இரண்டு கையெழுத்து. நல்லது. அப்படியே நினையுங்கள். நான் நம்பத்தக்கவள் என்று நிரூபிக்க இங்கே எனக்கு நேரமும் இல்லை, சூடும் இல்லை. அலறி அலறுகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அலறியின் மேசையில் யாரும் கீழே போட்டுவிட்டுப் போனதில்லை. சிரித்துக்கொண்டாவது ஷோ கேட்பார்கள். நாள் 216-ன் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். தாய்க்கலத்துக்கு ஓர் உத்தரவு போடுங்கள், என் புளுகைப் பிடிப்பதற்காகவே ஆனாலும்.

பூபாலண்ணே, உங்கள் திரையிலும் இது வரும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு வெளியே வந்து நின்றேன். சட்டை போட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி.

இதுவரை எழுதியதில் நான் ஒன்றைக் கேட்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. கல்லூரியில் சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை கேட்டதில்லை. பேருந்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சுற்றி

தண்ணீர் உள்ளே வருகிறது. உடனே பனியாகிறது. சட்டையைப் போடுகிறேன். அதில் இருக்கும் காற்று ஒரு நாளுக்கு வரும்.

வெளியே நிற்பேன். அதே இடத்தில்.

வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.